பந்தியில் சாப்பாட்டு ஜெபம்: சோறு விளம்பும் முன்னாலா, பின்னாலா?

கோட்டாறு_கடைத்தெரு
கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஒரு பந்திக்கு 250 இலை, நாலு பந்தி ஓடும். பெண் வீடு லத்தீன் கத்தோலிக்கம், மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள்.

சாப்பாட்டு ஜெபத்தை விளம்பலில் (பரிமாறுவதில்) எந்த இடத்தில் வைப்பது? ஒவ்வொரு பந்திக்கும் வேணுமா? இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற வாசகம் எது? கல்யாணம் முடிந்து வீட்டில் இரண்டு முறைகளையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதையும் சொன்னால் நல்லது. "மனசு சுத்தமா இருந்தா போதும்" மாதிரி பதில் வேண்டாம். செய்முறை வேணும்.

தொடுகறி
முதல் கேள்விக்குப் பதில்: சோறு விழுவதற்கு முன்னால்.

நம்ம ஊர் வரிசையில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் உப்பு, ஊறுகாய், உப்பேரி (வாழைக்காய் வறுவல்), சர்க்கரைவரட்டி (வெல்லப்பாகு பூசிய வறுவல்), மட்டிப்பழம் (சின்ன வாழைப்பழம்), பச்சடி, கிச்சடி, தோரன், அவியல், எரிசேரி வரும். இதெல்லாம் இலையில் அஞ்சு நிமிஷம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பப்படத்தை இதோடு வைக்காதீர்கள், ஈர இலையில் நமுத்துப்போகும். இந்தத் தொடுகறி எல்லாம் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் விளம்புகிற ஆட்கள் சோறு, பருப்பு, நெய்யோடு வரிசைத் தலைப்பில் நிற்கணும். அப்போது ஜெபம். ஆமென் கேட்டதும் சோறு, பருப்பு, நெய், பப்படம் என்று ஒரே ஓட்டம்.

சோறு விழுந்த பிறகு ஜெபம் வைத்தால் என்ன ஆகும் என்றால், முதல் வரிசைக்குச் சோறு விழும்போது எட்டாவது வரிசையில் இன்னும் அவியலே போய்க்கொண்டிருக்கும். முன்னால் இருப்பவர் பிசைய ஆரம்பித்திருப்பார். மைக்கில் "ஜெபிப்போம்" என்றதும் சோற்றில் வைத்த கையோடு கண்ணை மூடுவார். பருப்பும் நெய்யும் ஆறி ஏடு கட்டும். சூடான சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பையன் நடுவில் நிற்பான், பின்னால் வருகிறவன் கண்ணை மூடியிருந்தால் மோதல்தான். விளம்புகிறவர்கள் யாரும் கண்ணை மூட வேண்டியதில்லை என்று சமையல் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு நின்றால் போதும்.

குளச்சல்_காற்று
மைக்கை விட்டுட்டீங்களே அண்ணாச்சி. பெரும்பாலான மண்டபத்தில் மேடை ஒரு தளம், சாப்பாட்டுக் கூடம் இன்னொரு தளம். மேடை மைக்கில் ஃபாதர் செபம் சொல்வார், கீழே ஒரு சத்தமும் கேட்காது. இல்லையென்றால் மேடையில் நடக்கிற வாழ்த்துரை கீழே ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் பந்தி செபம் மூழ்கிப்போகும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனி ஒலிபெருக்கி, தனி கார்ட்லெஸ் மைக், மாற்று பேட்டரி கேளுங்கள். கூடத்தில் புகைபோக்கி விசிறி, பாத்திரச் சத்தம் எல்லாம் ஓடும்போதே மைக்கைச் சோதிக்கணும். காலி மண்டபத்தில் "ஹலோ ஹலோ" சொல்லிப் பார்த்தால் எல்லா மைக்கும் நல்லாத்தான் கேட்கும்.

அடுக்களை வாசலில் ஒருவர், மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர். இவர் கையைத் தூக்கினால் அவர் ஆட்களை நிறுத்தணும். செபத்தைவிட இதுதான் கஷ்டமான வேலை.

நெய்யூர்வாசி
வாசகம் பற்றி. இரு தரப்பும் தடங்கலின்றி ஏற்கக்கூடியது வேதாகமத்தின் சங்கீதம் 145:15-16.

"எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது, ஏற்ற வேளையிலே நீர் அவைகளுக்கு ஆகாரங்கொடுக்கிறீர். நீர் உமது கையைத் திறந்து, சகல பிராணிகளின் வாஞ்சையையும் திருப்தியாக்குகிறீர்."

ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் (விசுவாசப் பாட நூலில்) சாப்பாட்டுக்கு முன் சொல்ல வைத்திருப்பது இதே வசனங்களைத்தான். கிறிஸ்தவத் துறவு மடங்களில் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் வரிசை இப்படி: பிள்ளைகளும் வீட்டாரும் கைகூப்பி மேசையண்டை வர வேண்டும், இந்த வசனங்கள், கர்த்தருடைய ஜெபம், பிறகு ஒரு சின்ன ஜெபம். நாகர்கோவிலில் 1907 முதல் வேலைசெய்யும் லுத்தரன் சபையாருக்கு இது பழக்கமான பாடம். கத்தோலிக்கருக்கும் அன்னியமில்லை. பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் எண் மட்டும் 144 என்று இருக்கும், அதைப் பார்த்துத் தவறான பகுதியை வாசித்துவிடக் கூடாது.

வசனத்துக்குப் பின் சொல்லத்தக்க ஜெபம், கலப்புக் கூட்டத்துக்கென்று:

"எங்கள் பிதாவாகிய தேவனே, இந்த உணவுக்காகவும் இதை விளைவித்த, சமைத்த, விளம்புகிற கைகளுக்காகவும் உமக்கு நன்றி. எங்களையும் இந்த உணவையும் ஆசீர்வதியும். மணமக்களின் வீட்டிலும் பசித்தவர்களின் வீட்டிலும் உணவு குறையாதிருப்பதாக. எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் வழியாக, ஆமென்."

அழைப்பு, நன்றி, வேண்டுதல், முடிப்பு என நான்கே உறுப்பு. வசனத்தோடு சேர்த்து நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். மணமக்களுக்கான நீண்ட ஜெபம் தேவாலயத்திலேயே முடிந்துவிட்டது, பந்தியில் அதை மறுபடி தொடங்க வேண்டாம்.

பேச்சிப்பாறை_நீர்
கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னால் என்ன? ரெண்டு பக்கமும் தெரியுமே.

குளச்சல்_காற்று
தெரியும், ஆனா ஒன்றாகச் சொல்ல வராது. சி.எஸ்.ஐ. பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவார்கள். எங்கள் பக்கம் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". நடுவில் ஆகாரம், உணவு என்று பிரியும். கடைசியில் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" வரும்போது எங்களாட்கள் ஆமென் சொல்லி முடித்துச் சிலுவை போட்டிருப்பார்கள். 250 பேர் இரண்டு வேகத்தில் சொன்னால் விளம்புகிற பையன் முதல் ஆமெனுக்கே ஓடிவிடுவான். ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமென் மட்டும் சொல்வதுதான் பந்திக்கு லாயக்கு.

சிலுவை அடையாளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே" என்று நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். போடுகிறவர் போடட்டும், போடாதவரைப் பார்க்க வேண்டாம். நடத்துபவர் மைக்கில் அந்த வரியைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினால் போதும்.

நம்ம மாவட்டத்தில் எந்தப் பந்தியிலும் இந்தக் கலவை இருக்கும். கத்தோலிக்கத்தில் மட்டும் மூன்று வழிபாட்டு மரபுகள்: லத்தீனில் கோட்டாறு மறைமாவட்டம் 1930லிருந்து, அதில் பிரிந்த குழித்துறை 2014லிருந்து. சீரோ மலபாருக்குத் தக்கலை, சீரோ மலங்கரைக்கு மார்த்தாண்டம், இரண்டும் 1996. சி.எஸ்.ஐ. கன்னியாகுமரிப் பேராயம் 1959. இவற்றோடு லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே. ஒரே குடும்பத்திலேயே நாலு வகை உட்கார்ந்திருக்கும்.

ஸ்தோத்திரப்பலி
பிரதர்ஸ், எழுதி வைத்து வாசிப்பது ஜெபமா? மத்தேயு 6:7இல் ஆண்டவர் அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தினமும் ஒரே வரியை ஒப்பித்தால் பிள்ளைகள் வாய் மட்டும் அசைக்கும், கண் மீன் பொரியலில் இருக்கும். ஆவியானவர் ஏவுகிறபடி அந்தந்த வேளைக்கு ஜெபிப்பதே சரி.

நெய்யூர்வாசி
சகோதரரே, அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில் "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று வாசகமே கொடுக்கிறார். அந்தப் பகுதி கண்டிப்பது வார்த்தைப் பெருக்கத்தை. "அதிக வசனிப்பினால்" கேட்கப்படுவோம் என்று நினைப்பவர்களைத்தான் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் ஏழு நிமிடம் போகிற சொந்த வார்த்தை ஜெபத்துக்குத்தான் அது முதலில் பொருந்தும்.

நீங்கள் சொல்லும் ஒப்பித்தல் உண்மையான குறைதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து வாசகத்தைக் கைவிடுவது அல்ல. வாசகம் நிலையாக இருக்கட்டும், நடுவில் ஒரு வரி மட்டும் அன்றன்றைக்கு மாறட்டும். இன்று யார் சமைத்தது, யார் ஊருக்குப் போயிருக்கிறார், தெருவில் யாருக்குச் சுகமில்லை. அந்த ஒரு வரியைப் பிள்ளைகள் முறைவைத்துச் சொல்ல வேண்டும்.

ஸ்தோத்திரப்பலி
அந்த ஒரு வரி யோசனை நல்லது, ஏற்கிறேன். ஆனாலும் எல்லாருக்கும் முன்பாகச் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல வெட்கப்படக் கூடாது. அப்போஸ்தலர் 27இல் பவுல் புயலில் சிக்கிய கப்பலில் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணிப் பிட்டார். அந்தக் கப்பலில் 276 பேர்.

தொடுகறி
அது ஒரே பந்தி பிரதர். இங்கே நாலு.

வேளிமலை_மேகம்
பந்தியில் உட்கார்ந்திருக்கும் இந்து விருந்தாளிகளுக்குச் சங்கடம் வராமல் நடத்தச் சில விஷயம். "எல்லாரும் கண்களை மூடுவோம், எழுந்து நிற்போம்" என்று கட்டளை வேண்டாம். "உணவுக்கு முன் ஒரு சின்ன ஜெபம், ஒரு நிமிடம் அமைதியாக இருப்போம்" என்று சொன்னால் அத்தனை பேரும் இருப்பார்கள். சாப்பிடும் முன் இலையைச் சுற்றித் தண்ணீர் விடுகிற வழக்கம் உள்ளவர்களும் இருப்பார்கள், அது அவர்கள் நன்றி. அதைப் பார்த்து முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

ஜெபத்துக்குள் மறைமுகப் பிரசங்கம் வைப்பதுதான் பெரிய தொந்தரவு. "இன்னும் உம்மை அறியாத இந்த ஜனங்களுக்காக" என்று சாப்பிட உட்கார்ந்தவனைப் பார்த்து ஆரம்பித்தால், அழைத்து உட்காரவைத்த வீட்டுக்காரருக்குத்தான் தலைகுனிவு. ஜெபம் தேவனிடம் பேசுவது, பந்தியிடம் பேசுவது இல்லை.

பேச்சிப்பாறை_நீர்
எதிர்ப்பக்கமும் ஒரு கேள்வி உண்டே. பக்கத்து இந்து வீட்டில் கோயில் பொங்கல், பாயசம் கொடுத்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாமா?

நெய்யூர்வாசி
1 கொரிந்தியர் 10:25-31 முழுவதும் படிக்கவும். முன் வைக்கப்பட்டதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், அவன் மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிட வேண்டாம். ஜெபம் சொல்லிவிட்டால் எதுவும் ஆகும் என்ற குறுக்குவழி அங்கே இல்லை. இந்தத் தலைப்பு தனி இழையாகப் போகட்டும், இங்கே தொடங்கினால் கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

மருந்துக்கடை_படி
யாரும் சொல்லாத ஒன்று: சர்க்கரை நோயாளிகள். உணவுக்குக் கால் மணி நேரம் முன் போடுகிற வேக இன்சுலின், அரை மணி நேரம் முன் போடுகிற சாதா இன்சுலின் இரண்டும் உண்டு. போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவருக்குப் போதகர் வரவில்லை, ஜெபம் நீள்கிறது என்று சோறு 20 நிமிடம் தாமதமானால் சர்க்கரை இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். கண்ணை மூடி இருக்கிற கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இலையில் மட்டிப்பழமும் சர்க்கரைவரட்டியும் இருக்கின்றன. தாமதம் என்றால் அவர் எடுத்துச் சாப்பிட வேண்டும், யாரும் முறைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் இதே சலுகை.

கோட்டாறு_கடைத்தெரு
நல்லது, இதை நான் யோசிக்கவே இல்லை. போதகர் வரத் தாமதமானால் என்ன வழி? காத்திருப்பதா?

நெய்யூர்வாசி
காத்திருப்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1 சாமுவேல் 9:13இல் சாமுவேல் வந்து பலியை ஆசீர்வதிக்கும்வரை அழைக்கப்பட்டவர்கள் சாப்பிட மாட்டார்கள். ஆனால் அது பலிவிருந்து. சாப்பாட்டு ஜெபம் சொல்ல அபிஷேகமோ பட்டமோ தேவையில்லை; லுத்தர் அதைக் குடும்பத் தலைவர் கையில் கொடுத்தார். குருவானவர் இருந்தால் அவரிடம் கேட்பது மரியாதை, இல்லையென்றால் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்று மாற்றி மாற்றிப் பந்திக்கு ஒருவராக முன்பே பெயர் எழுதி வையுங்கள். பெண்களும் சொல்லலாம். இரண்டு தாளில் வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று மைக் கைமாறிக்கொண்டே இருந்தால் அதற்குள் தோரன் காய்ந்துவிடும்.

குளச்சல்_காற்று
ஒவ்வொரு பந்திக்கும் வேணுமா என்பதற்கு: வேணும். முதல் பந்திக்கு ஆயர், பங்குத்தந்தை, மைக் எல்லாம் உண்டு. மூன்றாம் பந்தியில் உட்காருகிறவர்கள் தூரத்துச் சொந்தமும் ஊர்க்காரர்களும், அவர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால் அது முறை இல்லை. வசனம் மட்டும் வாசித்து ஒரு வரி ஜெபம், அரை நிமிடம். கடைசியில் சாப்பிடும் சமையல்காரர்களும் விளம்பினவர்களும் உட்காரும்போதும் வீட்டுக்காரர் ஒருவர் போய்ச் சொல்லணும். அங்கே மைக் வேண்டாம்.

வேளிமலை_மேகம்
ஒரு அடிப்படைச் சந்தேகம். ஆசீர்வதிப்பது சோற்றையா, தேவனையா? யூதர்கள் அப்பத்துக்கு முன் சொல்வதில் அப்பத்தை ஆசீர்வதிக்கும்படி கேட்பதே இல்லை. பூமியிலிருந்து அப்பத்தை விளைவிக்கும் தேவனுக்குத் துதி, அவ்வளவுதான். நாம் "இந்த உணவை ஆசீர்வதியும்" என்கிறோம்.

நெய்யூர்வாசி
இரண்டும் வேதத்தில் இருக்கிறது. யோவான் 6:11இல் இயேசு ஐந்து அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார், அதாவது நன்றி. அதே நிகழ்ச்சியை லூக்கா 9:16 சொல்லும்போது அவற்றை ஆசீர்வதித்தார் என்கிறது. 1 தீமோத்தேயு 4:4-5 இரண்டையும் சேர்க்கிறது: ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஒன்றும் தள்ளத்தக்கதல்ல, தேவவசனத்தாலும் ஜெபத்தாலும் அது பரிசுத்தமாக்கப்படும். அதனால் வரிசை முக்கியம். முதலில் நன்றி, பிறகு வேண்டுதல். "விஷத்தை நீக்கிப்போடும், வியாதியை நீக்கிப்போடும்" என்று பயத்தோடு மட்டும் ஜெபித்தால் சமைத்தவர் மனசு என்ன பாடுபடும்? அது பாத்திரம் கழுவும்போது கவனிக்க வேண்டிய விஷயம்.

தொடுகறி
கடைசி வரிக்கு நன்றி ஐயா. சமையல்காரர்கள் சார்பில்.

கோட்டாறு_கடைத்தெரு
பந்தி ஏறக்குறையத் தெளிவாகிவிட்டது. வீட்டு விஷயத்துக்கு வரலாமா? பெண் சிலுவை போட்டு வளர்ந்தவள், மாப்பிள்ளை வீட்டில் மாமியார் முந்தானையைத் தலையில் போட்டு ஜெபிப்பவர்.

பனைவிளை_அக்கா
அதில் ஒன்றும் முட்டாது. சிலுவை அடையாளத்தோடு பெண் தொடங்கட்டும், மாமியார் முக்காடு போட்டு ஜெபிக்கட்டும், ஆமென் பொதுவில். யாரும் யாரையும் திருத்தாமல் இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். திங்கள் முதல் சனி வரை ஒரு வீட்டு வாசகம், ஞாயிறு மட்டும் இன்னொன்று என்று பங்குபோட வேண்டாம், பிள்ளைகள் குழம்பும். சங்கீத வசனத்தை நிலையாக வையுங்கள்.

நம்ம பக்கத்துச் சிக்கல் வேறு: சாப்பாட்டு நேரம். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் கட்டன்சாயாவோடு (பால் இல்லாத டீ) இறங்கி, பால் எடுத்து முடித்துத்தான் காலைச் சாப்பாட்டுக்கு வருவார். கடற்கரையில் ஆட்கள் கரை வருகிற நேரம் காற்றும் மீனும் சொல்கிற நேரம். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் படகில்தான் சாப்பாடு. மூன்று வேளையும் எல்லாரும் கூடி ஜெபம் என்று சட்டம் போட்டால் அது பத்து நாளில் நின்றுவிடும். ராத்திரிச் சாப்பாடு ஒன்றை மட்டும் பொதுவாக வையுங்கள். மற்ற வேளைக்குத் தனியாக இருப்பவர் ஒரு வரி சொன்னால் ஆச்சு. வேளைக்கு வராதவருக்குச் சோறு எடுத்து மூடி வைத்துவிட்டு ஜெபியுங்கள். அவர் வருகிறவரை பிள்ளைகளைக் காய வைக்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயம்: மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண்ணை மூடுவதைவிடக் கையைக் கூப்புவதுதான் முக்கியம். கூப்பிய கை கொதிக்கிற கஞ்சிக்குள் போகாது! கஞ்சி, மீன்கறி இரண்டையும் மேசைக்கு நடுவில் தள்ளி வைத்துவிட்டு ஜெபியுங்கள். பெரியவர்களில் ஒருவர் கண் திறந்தே இருக்கட்டும். நாலு வயதில் ஆமென், ஐந்து ஆறு வயதில் வசனத்தின் பாதி, ஏழு எட்டில் அந்த மாறுகிற ஒரு வரி. தப்பாகச் சொன்னால் ஜெபத்துக்கு நடுவில் திருத்தக் கூடாது, சிரிக்கவும் கூடாது. தொலைக்காட்சியை முதலில் அணையுங்கள். சத்தத்தை மட்டும் குறைத்தால் பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும்.

பழைய சி.எஸ்.ஐ. வீடுகளில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொடுப்பார்கள். சமைக்கும்போதே நன்றி தொடங்கிவிடுகிறது. ஜெபத்தைவிடப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் புரியும்.

பேச்சிப்பாறை_நீர்
ஹோட்டலில்? பரோட்டா வந்ததும் சால்னா ஊற்ற ஆள் நிற்கும்போது?

பனைவிளை_அக்கா
இலை விழுந்ததும் மனசுக்குள் சொல்லிவிட வேண்டியதுதான். ஆளை நிற்க வைக்காதீங்க, அவருக்குப் பத்து மேசை.

குளச்சல்_காற்று
எல்லாரும் முன் செபத்தையே பேசுகிறீர்கள். எங்கள் முறையில் உணவுக்குப் பின்னும் ஒன்று உண்டு: எல்லா நன்மைகளுக்கும் நன்றி, அதன் முடிவில் இறந்த விசுவாசிகளின் ஆன்மா இளைப்பாற ஒரு வேண்டுதல். சாப்பாட்டு மேசையில் இறந்த தாத்தா பாட்டியை நினைக்கிற இடம் அதுதான்.

நெய்யூர்வாசி
பின் ஜெபமே மூத்தது. உபாகமம் 8:10 சாப்பிட்டுத் திருப்தியான பின்தான் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. யூதர்களின் நீண்ட நன்றி ஜெபமும் உணவுக்குப் பின்தான். சுமார் கி.பி. 197இல் ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கிறிஸ்தவர்களின் விருந்தை விவரிக்கும்போது ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிவதாக எழுதுகிறார். லுத்தரும் பின் ஜெபத்துக்குச் சங்கீதம் 136:1ஐயும் 147இன் சில வசனங்களையும் வைத்தார். நம் வீடுகளில் இது நின்றுபோனதற்குக் காரணம் எளிது: முதலில் முடித்தவர் கை கழுவ எழுந்துவிடுகிறார். ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும், கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழுவதில்லை என்று வையுங்கள். "கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர்" என்ற ஒரே வரி போதும்.

கோட்டாறு_கடைத்தெரு
அப்படியானால் மண்டபத்திலும் பாயசம் முடிந்ததும் பின் ஜெபம் ஒன்று வைக்கலாமா? பெண் வீட்டில் ஒரு பெரியவர் கேட்கிறார்.

தொடுகறி
வேண்டவே வேண்டாம். பாயசத்தில் பப்படம் நொறுக்கும்போதே ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுவிடுவார். மோர் வாங்கி முடித்தவர் எழ வேண்டும், எழுந்தால் இவர் உட்கார வேண்டும், நடுவில் இலை எடுக்கிற ஆட்கள் வேறு. அந்த நேரத்தில் மைக்கில் யார் எதைச் சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. பெரியவரிடம், மறுவீட்டு விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அங்கே இருபது முப்பது இலைதான், எல்லாரும் உட்கார்ந்தே இருப்பார்கள்.